தூணை எடுக்கும் முன்: முன் தாழ்வாரத்தில் ஒரு பாடம்



வீடு பழுது பார்க்க உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை கூரை ஒழுகுவது, கழிப்பறை கட்டுவது, சுவர் விரிசல் பற்றியவை. சென்ற ஆண்டு வந்த ஒரு மனு வேறு மாதிரி இருந்தது. அதில் கேட்டிருந்த உதவி மிகச் சிறியது: முன் தாழ்வாரத்தின் நடுவில் நிற்கும் ஒரு மரத்தூணை அறுத்து எடுக்கக் கொத்தனார் கூலி மட்டும்.

காரணமும் நியாயமானது. குடும்பத் தலைவருக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு ஆகிவிட்டது. சக்கர நாற்காலி கிடைத்தும் அவர் வாசலைத் தாண்டி வெளியே வர முடியவில்லை. தாழ்வாரத் தளம் தெருவிலிருந்து ஓரடி உயரம். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை கட்டினால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அந்தப் பாதைக்கு வீட்டின் முன் இடம் இருந்தது. ஆனால் பாதை தொடங்க வேண்டிய இடத்தில், வாசலுக்கு நேர் எதிரே, அந்தத் தூண் நின்றது.

மனுவோடு வந்த மகன் சொன்னார்: "காக்கா, ஒரே ஒரு தூண்தான். ரெண்டு ஓரத்துலயும் தூண் இருக்கு. மேல உத்திரம் நல்ல தேக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க, ஆளுக்கு ஒரு கை பிடிச்சா அரை மணி நேரத்துல எடுத்துடலாம்னு கொத்தனார் சொல்றார்."

கூலியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்று நினைத்தாலும் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. நாம் கொடுக்கவில்லை. பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுநாள் அந்த வீட்டுக்குப் போனோம். அங்கே கற்றுக்கொண்டதை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். கார் நிறுத்த, கல்யாணப் பந்தல் போட, கடைக்கு முகப்பு விட என்று தூண் எடுக்கும் எண்ணம் நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. அதனால் இது எல்லோருக்கும் பயன்படும்.

முதல் கேள்வி: இந்தத் தூண் ஏன் வந்தது?

பொறியாளர் முதலில் அளவு நாடாவை எடுக்கவில்லை. வீட்டின் மூத்த பெண்மணியிடம், "உம்மா, இந்தத் தூண் முதல்லயே இருந்ததா, பிறகு வெச்சதா?" என்று கேட்டார்.

"முன்னாடி கீத்துக் கூரைதான். ஒரே பனை உத்திரம், தூணு கிடையாது. ஓடு போட்டப்பதான் பனையை எடுத்துட்டுத் தேக்கு போட்டாங்க. அப்ப வெச்ச தூணு இது" என்றார் அவர்.

பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. கீற்றுக் கூரையைவிட ஓட்டுக் கூரை பலமடங்கு கனம். அந்தக் கனத்தைத் தாங்கத்தான் தூண் வந்திருக்கிறது. பிறகு உத்திரத்தின் முன்பக்கம் அழகுக்காக ஆணி அடித்து, வர்ணம் பூசியிருந்த பலகையைக் கழற்றச் சொன்னார். பலகை வந்ததும் எல்லோரும் வாயடைத்து நின்றோம். வெளியிலிருந்து ஒரே மரமாகத் தெரிந்த தேக்கு உத்திரம் உண்மையில் பத்து பத்து அடியாக இரண்டு துண்டுகள். இரண்டும் சந்திக்கும் மூட்டு சரியாக அந்தத் தூணின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

தூணை அறுத்திருந்தால் உத்திரம் தொய்ந்திருக்காது. இரண்டு துண்டுகளும் அந்த நொடியே நடுவில் கீழே இறங்கியிருக்கும். கூரை முழுவதும், கைபிடிக்க வந்த சொந்தக்காரர்கள் தலைமேல்.

ஆகவே பாடத்தின் முதல் விதி இது. தூணைத் தொடும் முன் அது வந்த காரணத்தைக் கேளுங்கள். வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள். கட்டிய கொத்தனார், ஆசாரி இருந்தால் அவரைக் கேளுங்கள். பிறகு மறைத்திருக்கும் பலகை, சீலிங், பூச்சு எதுவானாலும் கொஞ்சம் திறந்து, உத்திரம் ஒரே துண்டா, தூணின் தலையில் மூட்டு உண்டா என்று கண்ணால் பாருங்கள். தூணின் அடியில் சிறு இடைவெளி தெரிந்தால், "இது சும்மாதான் நிற்கிறது" என்று முடிவு செய்துவிடாதீர்கள். தூணின் அடி செல்லரித்தோ கரையான் அரித்தோ போயிருக்கலாம். கூரை அங்கே தொய்யத் தொடங்கியிருப்பதற்கான எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.

பாரம் எவ்வளவு?

அந்தத் தாழ்வாரத்தின் நீளம் 6 மீட்டர் (ஏறத்தாழ 20 அடி). வீட்டுச் சுவரிலிருந்து முன் உத்திரம் வரை அகலம் 3 மீட்டர். உத்திரத்தைத் தாண்டி அரை மீட்டர் இறவாணம். கைமரங்களின் ஒரு முனை வீட்டுச் சுவரிலும் மறுமுனை முன் உத்திரத்திலும் நிற்கின்றன.

மங்களூர் ஓடும் அதைத் தாங்கும் ரீப்பர்களும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ. கைமரங்களையும் சேர்த்தால் 80 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இதோடு கூரைமேல் ஆள் ஏறுவது போன்ற தற்காலிகச் சுமைக்கும் இடம் விட வேண்டும். அதற்குச் சதுர மீட்டருக்கு 75 கிலோ என்று பொறியாளர் எடுத்துக்கொண்டார். மொத்தம் கிட்டத்தட்ட 160 கிலோ.

இதில் ஏறத்தாழ 2 மீட்டர் அகலக் கூரையின் பாரம் முன் உத்திரத்துக்கு வருகிறது, மீதி சுவருக்குப் போகிறது. உத்திரத்தின் சொந்தக் கனத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு மீட்டர் உத்திரத்தின் மேலும் 350 கிலோ. ஆறு மீட்டருக்கு 2,100 கிலோ, அதாவது இரண்டு டன்னுக்கு மேல்.

இந்த இரண்டு டன்னை மூன்று தூண்கள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டிருந்தன? ஓரத் தூண்கள் ஒவ்வொன்றிலும் 525 கிலோ. நடுத்தூணில் மட்டும் 1,050 கிலோ. "ஒரே ஒரு தூண்தானே" என்றோமே, அந்த ஒரே தூண்தான் பாதிப் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

நடுத்தூணை எடுத்துவிட்டால் பாரம் மறைந்துவிடாது, இடம்தான் மாறும். நடுவில் இருந்த 1,050 கிலோவும் பாதி பாதியாக ஓரத் தூண்களுக்குப் போகும். ஒவ்வொன்றும் 525 கிலோவுக்குப் பதில் 1,050 கிலோ தாங்க வேண்டும். இதுதான் இந்தப் பாடத்தின் மையம். தூண் எடுப்பது என்பது அறுத்து எறியும் வேலை அல்ல. அது சுமந்ததை உத்திரத்தின் வழியாக வேறு தூண்களுக்கும், அவற்றின் வழியாக மண்ணுக்கும் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் வேலை. அந்த வழியில் எந்த ஒரு கண்ணி பலவீனமாக இருந்தாலும் கூரை அங்கேதான் விழும்.

நீளம் இரட்டிப்பானால் தொய்வு எத்தனை மடங்கு?

"அப்படியென்றால் இரண்டு துண்டுக்குப் பதில் அதே கனத்தில் ஒரே நீள மரம் போட்டால் போதாதா?" என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையால் இதற்கு விடை காணலாம்.

ஓரடி பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை இரண்டு புத்தகங்களின் மேல் பாலம் போலப் படுக்கையாக வையுங்கள். புத்தகங்களுக்கு இடையே 12 சென்டிமீட்டர் இருக்கட்டும். நடுவில் சில நாணயங்களை அடுக்குங்கள். ஸ்கேல் சற்றே வளையும். இப்போது புத்தகங்களை 24 சென்டிமீட்டருக்கு விலக்கி, அதே நாணயங்களை வையுங்கள். தொய்வு இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு ஆகும்.

கூரையில் இன்னொன்றும் சேர்கிறது. நீளம் இரட்டிப்பானால் உத்திரத்தின் மேல் உள்ள கூரையும் இரட்டிப்பாகும். எட்டை இரண்டால் பெருக்கினால் பதினாறு. அதாவது நடுத்தூணை எடுத்து அதே கனமுள்ள மரத்தை இரு மடங்கு நீளத்தில் போட்டால், மரத்தை முறிக்கப் பார்க்கும் வளைவு விசை நான்கு மடங்கு ஆகும். தொய்வு பதினாறு மடங்கு ஆகும்.

அந்த வீட்டு உத்திரம் 4 அங்குல அகலம், 6 அங்குல உயரம். மூன்று மீட்டர் இடைவெளியில் முழுப் பாரத்தில் அது சுமார் 13 மில்லிமீட்டர் தொய்யும். கண்ணுக்கே தெரியாது. அதே கன மரம் ஆறு மீட்டர் இடைவெளியில் நின்றால் கணக்குப்படி 21 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண் தொய்யும். ஓடுகள் சரியும், நடுவில் மழைநீர் புகும், நனைந்த மரம் இன்னும் தொய்யும். மரம் முறியவும் கூடும். மரம் தொடர்ந்து பாரம் சுமந்தால் ஆண்டுகள் செல்லச் செல்லத் தொய்வு கூடிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு வகை வீடும் உண்டு. அங்கே உத்திரம் ஏற்கெனவே மூன்று தூண்கள் மேலும் ஒரே துண்டாக ஓடும். அப்படிப்பட்ட உத்திரம் நடுத்தூணின் உதவியால் துண்டு உத்திரத்தைவிட விறைப்பாக இருக்கும். தூணை எடுத்தால் அந்த உதவியும் போய்விடும். அங்கே தொய்வு ஏறத்தாழ 38 மடங்கு கூடும். "ஒரே மரம்தானே, தாங்கும்" என்ற நம்பிக்கை அங்கேயும் பொய்க்கிறது.

அகலமா, உயரமா?

அதே ஸ்கேலைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வைத்து நாணயம் அடுக்கிப் பாருங்கள். வளையவே வளையாது. ஸ்கேல் அதேதான், பொருளும் அதேதான். நிறுத்தி வைத்ததால் அதன் உயரம் கூடியது.

உத்திரத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் பலமும் விறைப்பும் இரண்டு மடங்குதான். உயரத்தை இரட்டிப்பாக்கினால் பலம் நான்கு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. அதனால்தான் நம் முன்னோர் உத்திரத்தைப் படுக்கையாக வைக்காமல் நிமிர்த்தி வைத்தார்கள்.

ஆனாலும் ஒரு வரம்பு உண்டு. பதினாறு மடங்குத் தொய்வைப் பழையபடி 13 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர, 4 அங்குல அகல மரம் ஏறத்தாழ 15 அங்குல உயரம் இருக்க வேண்டும். இருபது அடி நீளத்தில் முடிச்சும் பிளவும் இல்லாத அப்படிப்பட்ட ஒரே மரம் இன்று எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. எனவே இரும்பு.

மகன் கடன் வாங்கி முன்பே ஒரு இரும்பு உத்திரத்துக்கு விலை பேசியிருந்தார். ஐ வடிவ கர்டர், 150 மில்லிமீட்டர் உயரம். கடைக்காரர் "தாங்கும்" என்று சொல்லியிருந்தார். பொறியாளர் கணக்குப் போட்டார். முறிவுக்கு எதிரான பலம் என்று பார்த்தால் அது எல்லையைத் தொட்டுக்கொண்டு தேறியது. ஆனால் தொய்வு 41 மில்லிமீட்டர். ஆறு மீட்டர் இடைவெளிக்கு அவர் அனுமதித்த தொய்வு, நீளத்தில் 240-இல் ஒரு பங்கு, அதாவது 25 மில்லிமீட்டர். எனவே அது பொருந்தாது. அடுத்த அளவான 175 மில்லிமீட்டர் கர்டர் 23 மில்லிமீட்டர் தொய்ந்து எல்லைக்குள் வந்தது. 200 மில்லிமீட்டர் கர்டர் 13 முதல் 14 மில்லிமீட்டர்தான் தொய்ந்தது. பழைய மரம் மூன்று மீட்டரில் தொய்ந்த அதே அளவு.

பொறியாளர் 200-ஐத் தேர்ந்தார். "தாங்குமா என்று மட்டும் கேட்கக்கூடாது, எவ்வளவு தொய்யும் என்றும் கேட்க வேண்டும்" என்றார். 150-இலிருந்து 200-க்குப் போனால் உயரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, விறைப்போ ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. 200 மில்லிமீட்டர் கர்டர் மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. முழு நீளமும் 160 கிலோ அளவில் வரும். இரண்டு பேர் தோளில் தூக்கி வைக்கும் பொருள் அல்ல என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஐ வடிவ கர்டர் உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் பக்கவாட்டில் சாய்ந்து முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். கைமரங்கள் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதாது. ஒவ்வொரு கைமரத்தையும் கிளாம்ப், போல்ட் கொண்டு கர்டரோடு பிணைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது.

தூணும் அடித்தளமும்

நம் ஊர் கடற்கரை மணல். தளர்ந்த நுண்மணல் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்று வைப்பது வழக்கம். நிலத்தடி நீர் மேலே இருந்தால் அதையும் பாதியாகக் குறைத்து 5 டன் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பழைய ஓரத் தூண்கள் ஓரடிக்கு ஓரடிக் கல்லின் மேல் நின்றன. அந்தக் கல்லில் 1,050 கிலோவை ஏற்றினால் மண்மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 11 டன்னைத் தாண்டும். உத்திரம் எவ்வளவு பலமானாலும் தூண் மண்ணில் இறங்கியிருக்கும். எனவே இரண்டு ஓரத்திலும் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் அடித்தளம் போடச் சொன்னார். கான்கிரீட்டின் கனமான 500 கிலோவைச் சேர்த்தாலும் மண்மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு நாலரை டன்னுக்குள் அடங்கியது.

"அடித்தளம் ஏன் இவ்வளவு ஆழம்? கீழே அழுத்துவதற்கு இது அதிகம் இல்லையா?" என்று நாம் கேட்டோம். அவர் கஜா புயலை நினைவூட்டினார். 2018 நவம்பர் 16 அதிகாலை அந்தப் புயல் கரையைக் கடந்தபோது நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கூரைகள் என்ன ஆயின என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூண் கூரையைத் தாங்குவதோடு நிற்பதில்லை, புயலில் அதை மண்ணோடு பிடித்தும் வைக்கிறது.

விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 100 கிலோ விசை காட்டும். ஓட்டுக் கூரைக்கு ஓரளவு சொந்தக் கனம் இருக்கிறது. தகரக் கூரைக்குச் சட்டத்தோடு சேர்த்தும் 15 கிலோதான். அந்தக் குடும்பம் ஓட்டைக் கழற்றித் தகரம் போட்டிருந்தால், முன் உத்திரத்தை மேலே இழுக்கும் விசை ஒரு டன் அளவுக்கு இருக்கும். மூன்று தூண் இருந்தபோது ஓரத் தூண் அதில் கால் பங்கைப் பிடித்தால் போதும். இரண்டே தூண் என்றால் ஒவ்வொன்றும் 500 கிலோவுக்கு மேல் கீழே பிடித்து வைக்க வேண்டும். இரண்டடிக் கான்கிரீட் கட்டியின் கனம் அதற்குச் சமம். நீர் மேலே ஊறும் இடங்களில் இதைவிடப் பெரிதாகவே போட வேண்டும்.

தூணின் அடித்தகட்டை ஆங்கர் போல்ட் கொண்டு கான்கிரீட்டில் பிணைக்க வேண்டும். தூணின் தலையில் தகடு வைத்துக் கர்டரைப் போல்ட் செய்ய வேண்டும். நடுத்தூண் போனபின் தாழ்வாரம் பக்கவாட்டில் ஆடாமலிருக்க, தூணும் கர்டரும் சேரும் மூலைகளில் சாய்வான குறுக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

வேலையின் வரிசை

இந்த வேலையில் வரிசை தவறினால் உயிர் போகும். அந்த வீட்டில் வேலை நடந்த வரிசை இது:

1. மழைக்காலம் முடியும் வரை காத்திருந்தோம். வடகிழக்குப் பருவமழையில் கூரையைத் திறக்கக்கூடாது, நனைந்த மணலில் முட்டு நிறுத்தவும் கூடாது.

2. முதலில் புதிய அடித்தளங்கள். பழைய ஓரத் தூண்களுக்குத் தொந்தரவு வராமல் சற்றுத் தள்ளித் தோண்டி, கான்கிரீட் போட்டு, நீர் ஊற்றி ஆற்றினோம். கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாட்கள் ஆகும். அதுவரை பாரம் ஏற்றவில்லை.

3. புதிய தூண்களை நிறுத்தித் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தோம்.

4. ஓடுகளை இறக்கிப் பாரத்தைக் குறைத்தோம். கைமரங்களின் அடியில், பழைய உத்திரத்துக்கு உட்புறமாக, நீளவாக்கில் ஒரு தற்காலிக மரம் வைத்து ஜாக்கி முட்டுகளால் தாங்கினோம். முட்டுகளின் அடியில் பலகை போட்டோம். வெறும் மணலிலோ டைல்ஸ் மேலோ முட்டு நிற்கக்கூடாது.

5. முட்டுகள் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகே பழைய உத்திரத் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். கர்டரைச் செயின் புளோக்கினால் ஏற்றித் தூண்களில் போல்ட் செய்து, கைமரங்களைப் பிணைத்தோம்.

6. ஜாக்கிகளை ஒரே நேரத்தில் தளர்த்தவில்லை. எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, மாறி மாறி இறக்கினோம். கர்டரின் அடியில் முனைக்கு முனை நூல் கட்டி ஒவ்வொரு கட்டத்திலும் தொய்வை அளந்தோம்.

7. ஓடு ஏற்றி முடித்து, மறுபடி நூல் பார்த்து, கணக்குக்குள் தொய்வு நிற்பதை உறுதி செய்த பிறகு, கடைசியாகத்தான் நடுத்தூணை எடுத்தோம். அது வரை அதன் தலைக்கும் கர்டருக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, காவலாக நிற்கவிட்டோம்.

வேலை நடந்த நாட்களில் குடும்பத்தார் பின்வாசலைப் பயன்படுத்தினர். சிறுவர்களையும் வேடிக்கை பார்ப்போரையும் தாழ்வாரத்துக்குள் விடவில்லை. ஜும்மாவுக்குப் பின் கூட்டமாகச் சேர்ந்து செய்யும் வேலை இது அல்ல என்பதை மகனே பிறகு மற்றவர்களுக்குச் சொன்னார்.

எடுக்காமல் நகர்த்த முடியுமா?

தூணை முழுதாக எடுக்கும் முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இது. நமக்கு வேண்டியது தூண் இல்லாத தாழ்வாரமா, தூண் இல்லாத வழியா? பல நேரம் இரண்டரை அடி நகர்த்தினாலே வழி கிடைத்துவிடும்.

அதே ஆறு மீட்டர் தாழ்வாரத்தில் தூணை நடுவிலிருந்து 75 சென்டிமீட்டர் நகர்த்தினால் நீண்ட பக்கத்தின் இடைவெளி 3.75 மீட்டர். வளைவு விசை ஒன்றரை மடங்கும் தொய்வு ஏறத்தாழ இரண்டரை மடங்கும்தான் கூடும். 4-க்கு 6 அங்குல மரத்துக்குப் பதில் 4-க்கு 8 அங்குல மரம் போட்டால் தொய்வு மீண்டும் 13, 14 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். இரும்பும் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் உத்திரத்தின் மூட்டும் தூணோடு சேர்ந்து நகர வேண்டும். பழைய இடத்திலேயே மூட்டை அந்தரத்தில் விட்டுவிடக்கூடாது. புதிய இடத்தில் தூணுக்குப் புதிய அடித்தளமும் வேண்டும்.

நாம் சொன்ன வீட்டில் இது முடியவில்லை. ஒரு பக்கம் செப்டிக் டேங்க், மறுபக்கம் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. எதன் மேலும் தூணை நிறுத்த முடியாது. பக்கத்துத் தெருவில் இதே காரணத்துக்காக வந்த இன்னொரு குடும்பத்துக்கு நகர்த்தியதே போதுமானதாக இருந்தது.

தொடவே கூடாத இடங்கள்

மேலே சொன்னது ஓடோ தகரமோ போட்ட தாழ்வாரத்துக்கு மட்டும். கான்கிரீட் முகப்புக்கு இது பொருந்தாது. கான்கிரீட் உத்திரம் தூணைத் தாண்டிச் செல்லும் இடத்தில் முக்கியக் கம்பிகள் மேல்பக்கத்தில் இருக்கும். தூணை எடுத்தால் அதே இடத்தில் இழுவிசை கீழ்ப்பக்கம் மாறிவிடும். அங்கே தேவையான கம்பி இருக்காது. அடியில் புதிதாகக் கம்பி கட்டிப் பூசினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதேபோல், மேலே இன்னொரு தளம், சுவர், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் எதுவாவது இருந்தால் அந்தத் தூணை நினைக்கவே வேண்டாம். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே ஒரு டன். இவற்றில் கட்டடப் பொறியாளர் வரைபடம் போட்டுக் கையெழுத்திட்டாலன்றி ஒரு செங்கல்லும் அசையக்கூடாது.

வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளரிடமும், வக்ஃபு வீட்டில் குடியிருப்போர் முத்தவல்லியிடமும் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி தேவையா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் அமர்ந்து விடை எழுத

உங்கள் வீட்டிலோ கடையிலோ தூண் எடுக்கும் எண்ணம் இருந்தால், ஒரு தாளில் இவற்றுக்கு விடை எழுதிக்கொண்டு பொறியாளரிடம் போங்கள். அவர் வேலையும் உங்கள் செலவும் குறையும்.

தூண் எப்போது, ஏன் வந்தது? கூரை என்ன பொருள், பிறகு மாற்றினீர்களா? தூணுக்குத் தூண் இடைவெளி எவ்வளவு? சுவரிலிருந்து உத்திரம் வரை எவ்வளவு? உத்திரத்தின் அகலம், உயரம் என்ன? அது ஒரே துண்டா, மூட்டு எங்கே? கரையான், துரு, விரிசல் உண்டா? ஓரத் தூண்களின் அடியில் என்ன இருக்கிறது? மழைக்காலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் ஊறுகிறது? தூணை நகர்த்தினால் போதுமா?

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும், தெரியும் வரை ரம்பத்தை எடுக்காதீர்கள்.

அந்தக் குடும்பத்துக்கு நாம் தரவிருந்த கூலியைவிடப் பல மடங்கு செலவானது. ஒரு பகுதியை அறக்கட்டளை ஏற்றது, ஒரு பகுதியை உறவினர் பங்கிட்டனர், பழைய தேக்குத் துண்டுகளை விற்றதில் கொஞ்சம் வந்தது. வேலையும் அரை மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. இன்று அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் அந்தத் தெருவில் போனால், பேரன் தள்ள, சக்கர நாற்காலியில் அவர் சரிவில் இறங்கி வருவதைப் பார்க்கலாம். அவர் தலைக்குமேல் இரண்டு டன் கூரை இருக்கிறது. அது எங்கே நிற்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தூண் எடுக்க நினைக்கும் குடும்பங்கள், உதவி தேவையோ இல்லையோ, முதலில் நம் அலுவலகத்துக்கு ஒருமுறை வாருங்கள். பொறியாளரை அழைத்துக்கொண்டு நாங்களும் உடன் வருகிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையைப் புயலுக்கு முன் எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

வஸ்ஸலாம்.